முகாமைச் சிகிச்சையில் "நலம் செய்தல்": பணம் கட்டுகிறவர் மறுத்தால் வைத்தியரின் கடமை எதுவரை?

#1 நெய்தல்நிலம்

மருத்துவ ஒழுக்கவியலின் நான்கு கோட்பாடுகளை ஒப்புவிப்பது எளிது: நோயாளியின் தன்முடிவுக்கு மதிப்பு, தீங்கு செய்யாமை, நலம் செய்தல், நீதி. அமெரிக்க ஒழுக்கவியலாளர்களான பீச்சம், சில்ட்ரெஸ் இருவரும் 1979 இல் இப்படி வகுத்தார்கள். அதே ஆண்டு வந்த பெல்மொன்ட் அறிக்கை, மனித ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது, நலம் செய்தலை இரக்கத்தின் பாற்பட்ட உபகாரமாக விடாமல் கடமை என்றே எழுதியது.

வகுப்பறையில் இதைப் படிக்கும்போது அறையில் இருவர்தான் இருப்பார்கள், வைத்தியரும் நோயாளியும். நடைமுறையில் மூன்றாவது ஆள் ஒருவர் கதிரை போட்டு இருக்கிறார். காப்புறுதி நிறுவனமாக, அரச வரவுசெலவாக, வேலை தரும் கம்பனியாக இருக்கலாம். அவர் பணம் கட்டுவதோடு நிற்பதில்லை. எந்த மருந்து, எந்த ஸ்கான், எந்த வைத்தியசாலை, எத்தனை நாள் என்பதையும் சொல்கிறார். முகாமைச் சிகிச்சை என்பது இதுதான்.

தீங்கு செய்யாமைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே பெரும்பாலும் போதும். நலம் செய்தலுக்கு எழுந்து நடக்க வேண்டும். ஆகவே "அனுமதி இல்லை" என்ற ஒரு வரி நேராக அடிப்பது நலம் செய்தலைத்தான். அந்த வரி வந்த பிறகு வைத்தியர் என்ன செய்யக் கடமைப்பட்டவர்? கடிதம் எழுத வேண்டுமா? நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா? விதியை மீறலாமா? துறை தெரிந்தவர்கள் நுணுக்கமாக எழுதுங்கள்.

(மொழி பற்றி ஒரு சொல்: "நன்மை பயத்தல்" என்றும் எழுதுகிறார்கள். எனக்கு "நலம் செய்தல்" பிடிக்கும், வினை தெரிகிறது. அமெரிக்காவிலிருந்து 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் காலத்திலிருந்து நமக்கு இந்தச் சொல் தேடும் வேலை இருக்கிறது.)

#2 கோட்டைவாசல்

முதலில் பணம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துவிட்டால் மற்றது விளங்கும்.

செய்த வேலைக்குக் காசு என்றால் கூடுதலாகச் செய்யத் தள்ளும்: தேவையில்லாத ஸ்கான், தேவையில்லாத அன்ரிபயோற்றிக், இரண்டு நாளில் போகக்கூடியவரை நாலு நாள் வைத்திருத்தல். இதுவும் நலம் செய்தலுக்கு எதிரானதுதான், இதை ஒருவரும் கதைப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தந்தால் குறைத்துச் செய்யத் தள்ளும். அமெரிக்காவில் 1973 சட்டத்துக்குப் பிறகு பரவிய சுகாதாரப் பராமரிப்பு அமைப்புகளில் இந்த இரண்டாவது முறைதான் பேசுபொருளானது.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஒரு வைத்தியரிடம் 500 பேர் பதிவு. ஆளுக்கு மாதம் 1,000 ரூபா. வருடத்துக்கு 60 லட்சம். அதில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்பு வேண்டும். வாரம் 3 தடவை, வருடம் 156 தடவை. ஒரு தடவைக்கு 15,000 என்று வைத்தால் 23 லட்சத்து 40 ஆயிரம். ஒரே ஒரு நோயாளி முழுத் தொகையில் 39 சதவீதத்தை எடுத்துவிடுகிறார். அந்த வைத்தியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த நோயாளி கதவைத் திறந்து வரும்போது மனதில் ஒரு கணக்கு ஓடும். அதே ஏற்பாட்டில் 50,000 பேர் இருந்தால் இந்தச் செலவு 0.39 சதவீதம். கணக்கு ஓடாது.

ஆகவே வைத்தியரின் மனச்சாட்சியை நம்பி ஏற்பாட்டை வடிவமைக்கக் கூடாது. சிறிய குழுவில் ஆபத்தை வைத்தியரின் தலையில் கட்டக் கூடாது. வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப தலைத்தொகையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சுத்திகரிப்பு, புற்றுநோய் போன்றவற்றைத் தலைத்தொகைக்கு வெளியே எடுத்துத் தனி நிதியில் வைக்க வேண்டும். ஒரு நோயாளியின் செலவு ஓர் எல்லையைத் தாண்டினால் மீதியை மேலுள்ள நிதி ஏற்க வேண்டும்.

சுவிசில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு இன்னொரு வடிவம் தெரிந்திருக்கும். அங்கே அடிப்படைக் காப்புறுதி 1996 முதல் கட்டாயம். குடும்ப வைத்தியர் மாதிரியையோ தொலைபேசி மாதிரியையோ தெரிவுசெய்தால் மாதக் கட்டணம் குறையும், ஆனால் முதலில் அங்கேதான் போகவேண்டும் அல்லது அழைக்க வேண்டும். அவசர நிலைக்கு அந்தக் கட்டு இல்லை. கட்டுப்பாட்டை மக்கள் தெரிந்தே வாங்குகிறார்கள், அதற்குப் பதிலாக ஒன்றைப் பெறுகிறார்கள். ஒழுக்கவியல் நோக்கில் இது சின்ன வேறுபாடு அல்ல.

#3 மருந்துத்துண்டு

மருந்துப் பட்டியல் பக்கத்தை நான் எழுதுறன்.

பட்டியல் போட்டு மருந்தைக் கட்டுப்படுத்திறது எண்டாலே நோயாளிக்கு விரோதம் எண்டு நினைக்கக் கூடாது. எங்கடை மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே செய்தது அதுதான். 1971 இல தொடங்கின அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு அவர்தான் முதல் தலைவர். ஒரே மருந்து பத்துப் பெயரிலை பத்து விலையிலை வந்ததை நிப்பாட்டி, தேவையானதைப் பொதுப்பெயரிலை மொத்தமாக வாங்கினால் அதே காசுக்குக் கனபேருக்குக் குடுக்கலாம் எண்டது அவற்றை கொள்கை. அது முழுக்க முழுக்க நலம் செய்தல்.

பிழைக்கிறது எங்கையெண்டால், ரெண்டு விதமான மாற்றத்தை ஒண்டாக நினைக்கிறதிலை. ஒரே மருந்தை வேறை கம்பனியின்ரை குளிசையாக மாத்திறது ஒண்டு. நோய் ஒண்டுதானே எண்டு மருந்தையே மாத்திறது இன்னொண்டு. முதலாவது பெரும்பாலும் பிரச்சினை இல்லை; வலிப்புக்கான பினிற்றோயின், தைரொயிட்டுக்கான லெவோதைரொக்சின், வோபறின் மாதிரிச் சிலதிலைதான் மாத்தினால் இரத்தம் சோதிச்சுப் பாக்கோணும். ரெண்டாவதுக்கு வைத்தியர் கட்டாயம் திருப்பிப் பாக்கோணும்.

உதாரணம். நீரிழிவுக்கு கிளிக்லசைட் எடுக்கிற 70 வயசுக்காரருக்கு "ரெண்டும் ஒரே வகைதானே" எண்டு கிளிபென்கிளமைட் குடுத்தால், அது உடம்பிலை நெடுநேரம் நிண்டு, சிறுநீரகம் தளர்ந்த ஆளுக்கு விடியப்புறம் சீனி விழுந்து மயக்கத்திலை கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனத்தின்ரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலே 60 வயசுக்கு மேலை அது பொருந்தாது எண்டு குறிப்பிடுது. குளிசையிலை மிச்சம் பிடிச்ச காசு வாட்டிலை ஒரு இரவிலை போயிடும்.

இன்னொண்டு "முதலில் மலிவானது, தோத்தால் அடுத்தது" எண்ட படிமுறை. பிரஷருக்கு எனலப்பிரில் முதலில், சரிவராட்டி லொசாட்டன். விதி நியாயமானது. ஆனால் ஆள் கிளினிக்கை மாத்தினால், இல்லாட்டிக் கம்பனி காப்புறுதியை மாத்தினால், படி முதலிலையிருந்து தொடங்குது. முந்தி எனலப்பிரிலுக்கு வறட்டு இருமல் வந்த ஆளுக்குத் திரும்பவும் எனலப்பிரில். இருமல் எண்டால் அவஸ்தை. முகம், நாக்கு வீங்கின ஆளுக்கு அதைத் திருப்பிக் குடுத்தால் மூச்சுக்குழாய் அடைபடும். கிளினிக் கொப்பியின்ரை முதல் பக்கத்திலை, உள்மட்டையிலை, சிவப்பிலை எழுதோணும்: எந்த மருந்து, என்ன நடந்தது, எந்த மாதம். உள்ளுக்கு 34 ஆம் பக்கத்திலை எழுதினதை ஒருவரும் பாக்கமாட்டினம். பொலித்தீன் உறைக்குள்ளை கொப்பியோடை ஒட்டிக் கிடக்கிற அந்த ஒரு பக்கம்தான் முழு ஏற்பாட்டுக்கும் ஞாபகம்.

#4 பன்னிரண்டாம் வாட்டு

மருந்துத்துண்டு அக்கா சொன்னதோட ஒன்று: ஆஸ்பத்திரியிலை தந்த நீரிழிவு மருந்து மெற்போமின் ஒரு பெயரிலை, வெளிப் பாமசியிலை வாங்கினது இன்னொரு பெயரிலை. ரெண்டையும் சேர்த்து விழுங்கிறவை இருக்கினம். மருந்துகளை ஒரு பையிலை போட்டுக் கொண்டுவரச் சொல்லி மேசையிலை கொட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

நான் எழுத வந்தது வேறு. எங்கடை அரச வைத்தியசாலைகளிலை காப்புறுதிக்காரர் இல்லை, ஆனால் முகாமை இருக்கு. 2022 இலை டொலர் இல்லாமல் மருந்து வராமல் போனபோது நாடு முழுக்க எல்லா வாட்டிலையும் அது தெரிஞ்சது. அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்ட வைத்தியசாலைகள் இருந்தன. அலுமாரியிலை ஆறு குப்பி இருக்கு, தேவைப்படுகிறவர் பத்துப் பேர் என்றால், கட்டிலுக்குப் பக்கத்திலை நின்று "இவருக்கு வேண்டாம்" என்று தீர்மானிக்கிற வேலையை அந்த நோயாளியின்ரை வைத்தியரிடம் கொடுக்கக் கூடாது. அவர் அந்த நோயாளிக்காக வாதாட வேண்டிய ஆள். அவரே நீதிபதியாக முடியாது.

விதி கட்டிலுக்கு வெளியிலை, முன்கூட்டியே, எழுத்திலை இருக்க வேணும். எந்த நிலைக்கு முதலிடம், யார் தீர்மானிக்கிறது, இரவு 2 மணிக்கு யாரைக் கூப்பிடுகிறது, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் பார்க்கிறது. சிகிச்சைப் பங்கீட்டைப் பற்றி எழுதின அமெரிக்கர்கள் நோர்மன் டானியல்ஸ், ஜேம்ஸ் சாபின் இருவரும் இதற்கு நாலு நிபந்தனை சொன்னார்கள்: காரணம் பகிரங்கமாக இருக்க வேணும், நியாயமான மனிதர் ஏற்கக்கூடிய காரணமாக இருக்க வேணும், மேன்முறையிட்டு மாற்ற வழி இருக்க வேணும், இந்த மூன்றும் நடக்கிறதை உறுதிப்படுத்த ஓர் ஏற்பாடு வேணும். எங்கடை இடங்களிலை பெரும்பாலும் மூன்றாவதிலைதான் விழுகிறோம். விதி இருக்கும், மறுபரிசீலனைக்கு ஆள் இருக்காது.

அடுத்தது வெளியிலை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிற துண்டு. இதைப் பற்றி ஒழுக்கவியல் புத்தகங்கள் எழுதுறேல்லை, ஆனால் யாழ்ப்பாணத்திலை நலம் செய்தல் பெரும்பாலும் இந்தத் துண்டிலைதான் சோதிக்கப்படுது. டொக்டர் எழுதித் தந்திட்டார் என்றால் குடும்பம் கேள்வி கேட்காது. தாலிக்கொடி அடகுக்குப் போகும், வெளிநாட்டுக்குக் கோல் போகும். எழுதினவருக்கு அது "கிடைத்தால் நல்லது" என்ற அளவிலை இருந்திருக்கும், வீட்டுக்காரருக்கு அது உயிர். ஆகவே துண்டிலை மருந்தின் பெயரோட மூன்று விஷயம் சேர்க்க வேணும், தமிழிலை: இது இல்லாமல் முடியாதா அல்லது இருந்தால் கொஞ்சம் நல்லதா, எத்தனை நாளுக்கு, வாங்க ஏலாவிட்டால் இங்கை இருக்கிறதிலை என்ன தருவோம். பொதுப்பெயரிலை எழுத வேணும். குடும்பத்துக்கு வாயாலை சொன்னால் மட்டும் போதாது, பாமசியிலை நிற்கிறது வேறை ஆளாக இருக்கும், மருமகனோ அயல்வீட்டுப் பெடியனோ.

#5 கோட்டைவாசல்

ஆனால் வாட்டுத் தம்பி, எல்லோருக்கும் கிடைக்கும் மொத்த நலத்தைப் பார்த்தால், ஒருவருக்கு மறுப்பதும் நலம் செய்தல்தானே? இங்கிலாந்தில் ஒரு மருந்து ஆரோக்கியமான ஓர் ஆண்டைத் தருவதற்கு என்ன செலவு என்று பார்த்து, நீண்ட காலம் 20,000 முதல் 30,000 பவுண் என்ற எல்லையை வைத்திருந்தார்கள். இரக்கமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன்.

#6 நெய்தல்நிலம்

கோட்டைவாசல், அந்த வாதத்தை ஏற்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது? ஒரே நிதிக்குள் இருந்து, இவருக்கு மறுத்த ஸ்கானின் காசு இன்னொருவரின் இன்சுலினாக மாறினால், அது நீதியின் பேரில் செய்த நியாயமான பங்கீடு. மறுத்த காசு பங்குதாரருக்கு இலாபமாகப் போனால் நோயாளியின் இழப்பை ஈடுசெய்யும் இன்னொரு நோயாளி அங்கே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. முதலாவதைக்கூட நான் "நலம் செய்தல்" என்று அழைக்கமாட்டேன். அது நீதி, நலம் செய்தலை மட்டுப்படுத்துகிறது. அப்படிச் சொன்னால்தான் மறுக்கப்பட்டவருக்கு ஓர் இழப்பு நேர்ந்தது என்பது மறக்கப்படாமல் இருக்கும்.

அமெரிக்க நீதிமன்றங்களில் தீர்ந்த இரண்டு வழக்குகள் இதற்குப் பாடம்.

கலிபோர்னியாவில் 1986 இல் தீர்ந்தது. கால்களுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோயாளியை மேலும் 8 நாள் வைத்திருக்க வைத்தியர் கேட்டார். அரச காப்புத் திட்டம் 4 நாள் தந்தது. 4 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கால் அகற்றப்பட்டது. திட்டத்தின் மீது பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். காரணம், நாலாம் நாளில் வைத்தியர்கள் ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. தன் மருத்துவ மதிப்பீடு வேறாக இருக்கும்போது, பணம் கட்டுகிறவரின் எல்லைக்கு எதிர்ப்பின்றி இணங்கும் வைத்தியர், நோயாளிக்கான இறுதிப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

மற்றது 2000 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில். வலியோடு வந்தவருக்கு வயிற்றில் 6 க்கு 8 சென்ரிமீற்றர் அளவில் அழற்சித் திரள். அருகிலிருந்த வைத்தியசாலையில் அல்ட்ராசவுண்ட் எடுக்காமல், 50 மைலுக்கு அப்பால் தங்கள் அமைப்பின் நிலையத்தில் எடுக்க 8 நாள் காத்திருக்க வைத்தார் வைத்தியர். குடல்வால் வெடித்தது. அந்த அமைப்பில் வைத்தியர்களே உரிமையாளர்கள், மிச்சம் அவர்களுக்கே பங்காகப் போகும். வைத்தியத் தவறுக்கு நோயாளிக்கு ஏற்கெனவே இழப்பீடு கிடைத்திருந்தது. உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி, ஊழியர் நலச் சட்டத்தின் கீழ் அமைப்பின் மீதே நம்பிக்கைப் பொறுப்பு மீறல் என்று வழக்காடலாமா என்பது. முடியாது என்று ஒருமனதாகத் தீர்த்தார்கள். செலவைக் கட்டுப்படுத்தும் ஊக்குவிப்பு இல்லாமல் இத்தகைய அமைப்பே இருக்க முடியாது என்பது அவர்கள் காரணங்களில் ஒன்று.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் சட்டம் எங்கே நிறுத்துகிறது என்று தெரியும். அதற்கு மேல் உள்ளது வைத்தியரின் தோளில்.

#7 கிளெயிம்மேசை

கோரிக்கை மேசையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். "காப்புறுதிக்காரர் மறுத்துவிட்டார்கள்" என்ற ஒரே வசனத்துக்குள் மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன. வேறுபடுத்தாவிட்டால் வைத்தியரின் உழைப்பு வீண்.

முதலாவது, கடதாசி குறைவு. டயக்னோசிஸ் காட்டில் (வாட்டிலிருந்து விடும்போது தரும் நோய்க்குறிப்பு அட்டை) நோயின் பெயர் மட்டும் இருக்கும், ஏன் வாட்டில் அனுமதித்தார்கள் என்பது இருக்காது. அனுமதித்த திகதி, விட்ட திகதி பொருந்தாது. பரிசோதனைக் கட்டணச் சிட்டை இருக்கும், பெறுபேறு இருக்காது. இவை அன்றைக்கே திருத்தக்கூடியவை.

இரண்டாவது, "மருத்துவத் தேவை காட்டப்படவில்லை" என்பது. வைத்தியரின் கடிதம் வேலை செய்வது இங்கேதான்.

மூன்றாவது, பொலிசியிலேயே இல்லாதது: காத்திருப்புக் காலம், முன்பிருந்த நோய், விலக்கப்பட்ட சிகிச்சை, வாட்டு வாடகைக்கோ சத்திரசிகிச்சைக்கோ வைத்த உள் எல்லை. இதற்கு எவ்வளவு உருக்கமாகக் கடிதம் எழுதினாலும் மாறாது. இதில் நலம் செய்தல் என்பது உடனே வாயைத் திறந்து சொல்வது: "இதற்குக் காப்புறுதி தராது, பெரியாஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யலாம், இந்தாங்கோ கடிதம்." மூன்று கிழமை மேன்முறையீட்டில் இழுத்தடித்துவிட்டு அதைச் சொல்வது கொடுமை.

எது என்று அறிய ஒரே வழி, மறுப்பை எழுத்தில், பொலிசி வாசக இலக்கத்தோடு கேட்பது. தொலைபேசியில் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. நிறுவனத்தின் இறுதி முடிவும் பிழை என்றால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அரச ஊழியர்களின் அக்ரஹாரா காப்புறுதித் திட்டம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவதால் அதன் முறையீடு முதலில் அங்கேதான்.

இன்னொரு கோணல். பல பொலிசிகள் வாட்டில் இரவு தங்கினால்தான் பணம் தரும், வெளிநோயாளர் பரிசோதனைக்குத் தராது, அல்லது சிறு தொகைதான் தரும். விளைவு, நடந்து வந்து இரத்தம் குடுத்துப் போகக்கூடியவரை ஒரு நாள் படுக்க வைக்கிறார்கள். கையில் கனுலா, தேவையில்லாத சேலைன், பக்கத்துக் கட்டில் தொற்று. நோயாளி காசு மிச்சம் என்று சந்தோசப்படுவார். விதி எழுதியவர் செலவைக் குறைக்க நினைத்தார், செலவும் கூடி நோயாளிக்கு ஆபத்தும் கூடியது. இங்கே நலம் செய்தலில் தவறியவர் வைத்தியர் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன், விதி எழுதியவரும்தான்.

#8 தீவகக்காற்று

வாசற்காவல் முறையைப் பற்றி. சிறப்பு வைத்தியரிட்டைப் போக முதல் குடும்ப வைத்தியர் அனுப்போணும் எண்டது பல நாட்டிலை இருக்கு. எங்கடை நாட்டிலை அது இறுக்கமாக இல்லை, ஆர் எண்டாலும் நேரை போதனா வைத்தியசாலை ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) போகலாம். அதாலை வரிசைதான் எங்களுக்கு வாசற்காவல். நேரமும் தெம்பும் உள்ளவன் உள்ளுக்குப் போவான். நோய் கூடினவன் திரும்பிப் போவான்.

நெடுந்தீவிலையிருந்து கிளினிக்குக்கு வாற ஒரு நீரிழிவுக்காரரை எடுங்கோ. விடிய வள்ளம், ஒரு மணித்தியாலமளவிலை குறிகட்டுவான், அங்கையிருந்து பஸ். "வெறும் வயித்திலை இரத்தம் குடுக்கோணும்" எண்டு கொப்பியிலை எழுதியிருக்கும். ஆள் முதல் நாள் இரவு சாப்பிட்டது. ஆனால் காலமைக் குளிசையை வழக்கம்போலப் போட்டிருப்பார், ஏனெண்டால் அதை நிப்பாட்டச் சொல்லி ஒருவரும் எழுதேல்லை. கிளிக்லசைட் உள்ளுக்குப் போச்சு, சாப்பாடு இல்லை. பஸ்ஸிலை வேர்த்து விறுவிறுத்து விழுவார். ஏற்பாடு ஒரு பரிசோதனையைச் சரியாகக் கேட்டது, ஆளின்ரை பாதையைக் கேக்கேல்லை.

செய்யக்கூடியது: மூண்டு மாதச் சராசரி காட்டுற எச்.பி.ஏ.வன்.சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை. கொழுப்புச் சோதனையையும் பெரும்பாலானவைக்குச் சாப்பிட்ட பிறகே எடுக்கலாம். கண் கிளினிக், கால் பாக்கிறது, இரத்தம் மூண்டையும் ஒரே நாளிலை வைக்கலாம். நோய் கட்டுப்பாட்டிலை இருந்தால், இருப்பு இடங்குடுத்தால், மருந்தை மாசம் மாசம் குடுக்காமல் கூட நாளுக்குக் குடுக்கலாம். பாவிக்கிற இன்சுலின் குப்பி குளிர்ப்பெட்டி இல்லாமல் நாலு கிழமை நிக்கும், ஆனால் சித்திரை வெயிலிலை ஓட்டுக்குக் கீழை வைச்சால் நிக்காது. தண்ணி ஊத்தின மண்சட்டிக்குள்ளை இன்னொரு சின்னச் சட்டி வைச்சு, நனையாமல் அதுக்குள்ளை வைக்கச் சொல்லோணும்.

அடுத்தது மறுவழிக் கடிதம். சிறப்பு வைத்தியர் பாத்திட்டுத் திருப்பி அனுப்பேக்கை என்ன மாத்தினவர், ஏன், எது நடந்தால் திரும்பி வரவேணும் எண்டு மூண்டு வரி எழுதினால் தீவு வைத்தியசாலையிலை வேலை நடக்கும். அது வராட்டி அடுத்த கிழமை ஆள் திரும்ப வள்ளம் ஏறோணும்.

#9 பன்னிரண்டாம் வாட்டு

ஒரு சங்கடமான கேள்வி. அனுமதி கிடைக்கிறதுக்காக நோயைக் கொஞ்சம் கூட்டி எழுதுறதை நலம் செய்தல் என்று சொல்லலாமா? 2000 இலை ஜாமா மருத்துவ இதழிலை வந்த அமெரிக்க ஆய்வொன்றிலை 39 சதவீத வைத்தியர்கள் ஏதோ ஒரு விதத்திலை இப்படிச் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்திலை செய்தவை என்று நான் நினைக்கேல்லை.

#10 கிளெயிம்மேசை

இல்லை, சொல்ல முடியாது தம்பி. பொய் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அந்தப் பொய் நோயாளியின் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. நெஞ்செரிவோடு வந்தவருக்கு அனுமதி கிடைக்கட்டும் என்று "நிலையற்ற நெஞ்சுவலி" என்று எழுதுகிறீர்கள். அடுத்த வருடம் அது அவருடைய முன்பிருந்த நோய். இருதயத்துக்கான கோரிக்கை எல்லாம் அதைக் காட்டி மறுக்கப்படும். அடுத்த ஆஸ்பத்திரி வைத்தியர் அந்தக் காட்டைப் பார்த்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினும் குளொப்பிடோகிறெலும் தொடங்குவார். இரைப்பையில் புண் உள்ளவர் உள்ளே இரத்தம் கசிந்து கறுப்பாக மலம் போவார். இது வெளியே தெரிந்தால் கோரிக்கை ரத்து, சில வேளை பொலிசியே ரத்து.

கூட்டி எழுதத் தேவையும் பெரும்பாலும் இல்லை. உண்மையான காரணத்தை முழுமையாக எழுதாததால்தான் மறுப்பு வருகிறது.

#11 மருந்துத்துண்டு

அப்ப ஒரு மாதிரிக் கடிதம் போடுங்கோ அண்ணை. ஆங்கிலத்திலைதான் அனுப்புவினம், எண்டாலும் அமைப்பு விளங்கும்.

#12 கிளெயிம்மேசை

இடுப்புவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க முன், ஆறு கிழமை சாதாரண சிகிச்சை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை எடுப்போம். நல்ல விதிதான். பெரும்பாலான இடுப்புவலி அதற்குள் தானாக மாறும், அவசரப்பட்டு எடுத்த ஸ்கானில் வயதுக்குரிய தேய்வைப் பார்த்துப் பயந்து தேவையில்லாத ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விதிக்கு விலக்கு உண்டு. கடிதம் அந்த விலக்கைக் காட்ட வேண்டும்.

"52 வயதுப் பெண். இடுப்புவலி 3 வாரம். நேற்று மாலை முதல் சிறுநீர் கழிக்க முடியவில்லை. இருக்கையில் படும் பகுதியில் உணர்வு குறைவு. வலது பாதத்தை மேலே தூக்கும் பலம் 5 இல் 3. குதிரைவால் நரம்புத்தொகுதி நெரிவு சந்தேகம். ஆறு வார விதி நரம்பு அறிகுறி இல்லாத இடுப்புவலிக்கானது. இவருக்குப் பொருந்தாது. தாமதித்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு நிரந்தரமாக இழக்கப்படலாம். எம்.ஆர்.ஐ. இன்றே தேவை. மறுப்பதாயின் காரணத்தையும் தீர்மானித்த வைத்தியரின் பெயரையும் எழுத்தில் தரவும். மறுப்பைப் பற்றி நோயாளிக்கு அறிவிப்பேன்."

கவனியுங்கள், "நோயாளி மிகவும் வேதனைப்படுகிறார்", "தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்" போன்ற வசனம் ஒன்றும் இல்லை. எண், நேரம், விதியின் எந்தப் பகுதி பொருந்தாது, தாமதித்தால் என்ன நடக்கும். மேசையில் இருப்பவருக்கு "ஆம்" என்று எழுதக் காரணம் வேண்டும், அதைக் கையில் கொடுக்கிறீர்கள். கடிதத்தின் பிரதி கொப்பியிலும், அனுப்பிய நேரம் நோயாளிக் குறிப்பிலும் இருக்க வேண்டும்.

#13 தீவகக்காற்று

அண்ணை, கடிதம் திறம். ஆனால் அந்த உதாரணத்துக்கு அதை அனுப்பிப்போட்டு மறுமொழிக்குக் காத்திருக்கக் கூடாது எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ. இது அவசரநிலை. அம்புலன்ஸிலை ஏத்தி எம்.ஆர்.ஐ.யும் நரம்பு அல்லது எலும்புச் சத்திரசிகிச்சையும் உள்ள வைத்தியசாலைக்கு உடனை அனுப்பிப்போட்டுப் பிறகுதான் கடிதம்.

#14 கிளெயிம்மேசை

சரியாகச் சொன்னீர்கள். கடிதத்தில் "எம்.ஆர்.ஐ. இன்றே தேவை" என்ற வரியை இப்படி மாற்றி வாசியுங்கள்: "நோயாளி இன்று காலை 9.40 க்கு அவசரமாக மாற்றப்பட்டார், எம்.ஆர்.ஐ. அவசரச் சிகிச்சையின் பகுதியாகச் செய்யப்படுகிறது. அனுமதி பின்னோக்கித் தரப்பட வேண்டும்." அதற்குக் கீழுள்ள "மறுப்பதாயின்" என்ற வரி அப்படியே இருக்கட்டும்.

#15 பன்னிரண்டாம் வாட்டு

அனுப்ப முதல் கதீற்றர் (சிறுநீரை வெளியிலை எடுக்கிற குழாய்) போட்டால் வந்த சிறுநீரின்ரை அளவையும் எழுதிவிடுங்கோ. "போகேல்லை" என்றதை விட "640 மில்லிலீற்றர் வந்தது, நிறைஞ்சது நோயாளிக்குத் தெரியேல்லை" என்ற வரி மேசையிலை இருக்கிறவருக்கும் உதவும், சத்திரசிகிச்சை நிபுணருக்கும் உதவும்.